தண்ணீர் வந்தால் யாருக்கு?

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போர் போடும் ரிக் லாரி வந்தது. காலையில் வந்து நின்றது. மத்தியானத்துக்குள் சுற்றியிருந்த மரம் மட்டைக்கெல்லாம் கல்மாவு பூசிவிட்டது. பொழுது சாயும்போது தண்ணீரைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டது. நான் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அத்தனை சத்தத்திலும் எனக்குக் கண்ணைச் சொக்கியது என்றால் நம்புவீர்களோ என்னவோ. பாறை உடைபடும் சத்தத்துக்குள்ளேயே இளமையைக் கழித்தவனுக்கு அது தாலாட்டு.

இடையில் ரிக்காரர் நிழலுக்கு வந்து டீ குடித்தார். நான் பழைய ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, நீங்க அந்தக் காலத்துல போர் செட்டுல இருந்தவராமா? கையிலயே பாறையத் தொளச்சீங்களாமா?"

"ஆமாங்க."

"எத்தன நாளாகுமுங்க?"

"அது பாறையோட இஷ்டமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "நாங்க எல்லாம் ஒண்ணே ஒண்ணு கேப்போமுங்க, பில்லு யாரு பேருலன்னு. அப்புறம் மிசினு பேசும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்கள் மேஸ்திரியும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். ஆனால் அது வேறு கேள்வி. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் லாரி உறுமத் தொடங்கிவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில்தான் நான் விவசாய இலாகாவின் போர் செட்டில் சேர்ந்தேன். விதைத்ததெல்லாம் மண்ணோடு போய், அப்பா வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியுமா? செட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரும்பு முக்காலி, வடக்கயிறு, ஒன்றோடொன்று முடுக்கிச் சேர்க்கும் இரும்புக் கம்பிகள், நுனியில் மாட்டும் உளி. எல்லாம் மாட்டு வண்டியில் அடங்கிவிடும். வற்றிப்போன கிணற்றின் அடியில் முக்காலியை நட்டு, கயிற்றைப் பிடித்துக் கம்பியைத் தூக்கித் தூக்கிப் பாறையில் போடவேண்டும். ஒவ்வொரு தடவை விழும்போதும் கொஞ்சம் திருப்பவேண்டும். முதல் வருஷம் உள்ளங்கை கொப்பளித்தது, அடுத்த வருஷம் காய்த்தது, அதற்கப்புறம் என் கை எனக்கே மரக்கட்டையாகத் தெரிந்தது. படிப்பு அவ்வளவுதான்.

மேஸ்திரி ஆறுமுகம் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அடியில் என்ன பாறை என்று அந்த அதிர்விலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தோட்டத்துக்காரர் வீட்டில் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், எதையும் கேட்டு வாங்கமாட்டார். நாங்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். அவருக்கு இருந்த பிடிவாதம் ஒன்றுதான்.

கிணற்றடியில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தானதும், உளியை இறக்குவதற்கு முன்னால், சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் காதில் விழும்படி, தோட்டத்துக்குச் சொந்தக்காரரைப் பார்த்துக் கேட்பார்:

"தண்ணி வந்தா யாருக்கு?"

பதில் வாயைத் திறந்து வரவேண்டும். தலையாட்டினால் போதாது. பதில் வரும்வரை நாங்கள் கயிற்றைத் தொடக்கூடாது. எதற்காகக் கேட்கிறார் என்று அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. அது பூசையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாளாக ஆக எனக்கு அதில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. பதில்களைக் கேட்டு வைத்துக்கொள்வேன். பிறகு அதே வழியாக வேறு வேலைக்குப் போகும்போது, சொன்னபடி நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஆண்கள் சொல்வது எப்போதும் பெரிதாக இருக்கும். வாழப்பாடிப் பக்கம் ஒருவர், "போற வார வழிப்போக்கனுக்கெல்லாந்தாங்க" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அடுத்த கோடையில் பார்த்தால் கிணற்றைச் சுற்றி இலந்தை முள், உள்ளே நாய். பெண்கள் பொறுப்பில் தோட்டம் இருப்பது அபூர்வம். இருந்தால் அவர்கள் பதில் ரொம்பச் சின்னதாக இருக்கும். அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகில் ஓர் அம்மாள், "என்ற எருமைக்குங்க, பாவம், நாக்கு வறண்டு கெடக்குது" என்றார். அந்த அம்மாள் கிணற்றில் பிற்பாடு ஊரே குடம் குடமாக மொண்டுகொண்டிருந்தது. எருமைதான் வரிசையில் கடைசி.

இப்படி நான்கைந்து பார்த்ததும் எனக்குள் ஒரு சட்டமே எழுதிக்கொண்டேன். ஆண் சொல்வான், பெண் கொடுப்பாள். என்னவோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி வண்டியில் போகும்போதெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சட்டத்தை உடைத்தவள் பாவாயி.

ராசிபுரத்துக்கு மேற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம், மழைக்கும் பஞ்சம். அந்த ஊரில் எல்லாரும் 'பெரிய தோட்டத்துக்காரர்' என்று கூப்பிடும் ஒருவருக்கு முதலில் போர் போட்டோம். வாட்டசாட்டமான மனிதர், சிரித்த முகம். மேஸ்திரி கேள்வியைக் கேட்டதும், "ஊருக்குத்தானுங்க மேஸ்திரி! என்னொருத்தனுக்கா அத்தன தண்ணி?" என்றார். கூட்டம் பூரித்துப்போயிற்று. அதிருஷ்டமும் அவர் பக்கம் இருந்தது. சீக்கிரமே நல்ல ஊற்று, சர்க்கரைத் தண்ணீர்.

அடுத்த வேலை, வரப்புக்கு அந்தப்புறம் அவருடைய தம்பி மனைவி பாவாயிக்கு. தம்பி இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. முப்பது வயசு இருக்கும், வெள்ளைச் சேலை, வெயிலில் கறுத்த கைகள். தம்பி பாகத்தை அவளே பண்ணையம் பார்க்கலாம், ஆனால் ஒரு போகம் வெள்ளாமை இல்லாமல் கிடந்தாலும் அது பெரிய தோட்டத்தோடு சேர்ந்துவிடும், அவள் அந்த வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொண்டு காலத்தை ஓட்டலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லி முடித்திருந்தார்கள். அவளுடைய கிணறு வற்றிவிட்டது. மிளகாய் நாற்றங்காலுக்கு மட்டும் ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து சுமந்து வந்து தெளித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். தண்ணீர் வந்தால் நாற்றைப் பிடுங்கி நடலாம். வராவிட்டால் அந்த மூலைதான்.

சூடம் எரிந்தது. மேஸ்திரி கேட்டார்: "தண்ணி வந்தா யாருக்கும்மா?"

நான் மனசுக்குள் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆட்டுக்குட்டிக்கு என்பாள், அல்லது நாற்றுக்கு என்பாள். அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எனக்குங்க" என்றாள்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அத்தனை ஊரில் அத்தனை பேரிடம் கேட்டும் அந்தப் பதிலை ஒருவர்கூடச் சொன்னதில்லை. மேஸ்திரி மட்டும் "சரி" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் சொல்வதைப் போலவே எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். உளி இறங்கியது.

அந்தக் கிணற்றடி நாட்களை இப்போது நினைத்தாலும் எது நடந்தது, எது நான் கண்ட கனவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். காலையில் அது பால் நிறம், உச்சியில் வெள்ளி, அப்புறம் மெல்ல மஞ்சளாகும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். கம்பி விழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும்போது அடுத்தது விழும். கொஞ்ச நேரத்தில் எது சத்தம், எது எதிரொலி என்று தெரியாமல் போய்விடும். கை தானாக இழுக்கும், மனசு எங்கேயோ போய்விடும். பாறைக்குக் கீழே இன்னொரு ஊர் இருப்பதாகவும், அங்கே எல்லாரும் தண்ணீருக்குள் நடமாடுவதாகவும், எங்கள் உளிச் சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பதாகவும் எனக்குத் தோன்றும். அவர்களில் யார் பெண், யார் ஆண் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். முகம் கலங்கி மறைந்துவிடும். எங்கிருந்தோ ஒரு தட்டான் கிணற்றுக்குள் இறங்கி வந்து கம்பியின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போகும். தட்டான் வந்தால் தண்ணீர் பக்கத்தில் என்று மேஸ்திரி சொல்வார். வராவிட்டாலும் வேலையை நிறுத்தமாட்டார்.

உச்சிப் பொழுதில் கூடையில் கயிறு கட்டிப் பாவாயி சோற்றை இறக்குவாள். ராகிக்களியும் கீரைக் கடைசலும் சூடாக இருக்கும். அவள் வீட்டில் அதற்கு மேல் இருந்திருக்காது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு சொட்டு நெய் ஊத்தியிருக்கலாம்" என்று குறைபட்டுக்கொள்வோம். பெரிய தோட்டத்தில் நீர்மோர் மட்டும்தான் கொடுத்தார்கள். அங்கே, "பெரிய மனுசர், மோரு குடுத்துவுடறாரு பாரு" என்று மெச்சிக்கொண்டு குடித்தோம். இந்த வேடிக்கை அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெண் கை என்றால் நெய் சொட்டவேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒரு நாள் மேஸ்திரி கம்பியில் கையை வைத்தவர், எடுக்கவில்லை. எங்களை நிறுத்தச் சொன்னார். அந்த அமைதியில், காதுக்குள் இரைவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. கம்பியை மேலே தூக்கியதும் துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் குழம்பு வழிந்தது, பிறகு கலங்கல், பிறகு தண்ணீர். மேஸ்திரி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். எங்கள் எல்லார் கையிலும் ஊற்றினார். பழைய சாவியை நாக்கில் வைத்தமாதிரி லேசாக இரும்பு வாடை. அந்த ருசி இன்றும் என் வாயில் இருக்கிறது. மேலிருந்து பாவாயி எட்டிப் பார்த்தாள். அழுதாளோ என்னவோ, வெளிச்சத்துக்கு எதிரில் முகம் தெரியவில்லை. ஏதோ ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது, வியர்வையாகவும் இருக்கலாம்.

ஊற்று பெரிதில்லை. மிளகாய்க்கு மட்டுமட்டாக இருந்தது. அன்றைக்கே நாற்றைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் அதே ஊரில் வேறொரு தோட்டத்துக்கு மாறினோம். ஆனால் தேய்ந்த கயிற்றை முறுக்கிச் சரிசெய்ய அவளுடைய கிணற்று மேட்டில்தான் உட்கார்ந்திருந்தோம், அங்கே ரோட்டை ஒட்டி ஒரு புளிய மரம் இருந்தது. அப்போதுதான் ஊர்ப் பொதுக்கிணறு அடியோடு வற்றியது. பெண்கள் குடங்களோடு நேராகப் பாவாயி தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். ஊரின் கிழக்கோரத்துக் கூலி வீட்டுப் பெண்களும் வந்து, தள்ளி நின்றார்கள். யாராவது ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர் என்பது அந்தக் காலத்துக் கொடுமை.

பாவாயி பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நாத்து இப்பத்தானுங்க வேர் புடிக்குது. ஊத்து இதுக்கே மட்டா இருக்குது. பங்கு வெச்சா உங்களுக்கும் பத்தாது, இதும் காஞ்சிரும். தர முடியாதுங்க."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு கொடந் தண்ணிக்குக் கணக்குப் பாக்கறா பாரு!"

"பொம்பளையாடி இவ?"

"ஒரு புள்ளையப் பெத்திருந்தா மனசு எளகியிருக்கும்."

கடைசியாக வந்த அந்தச் சொல்லுக்கு மட்டும் பாவாயியின் மண்வெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் மடையைத் திருப்பினாள். எனக்கும் அவள்மேல் கோபம்தான் வந்தது. எனக்கென்ன நஷ்டம்? என் சட்டம் பொய்யாகிவிட்டதே என்ற கடுப்பு. ஆண் ஒருவன் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், வெள்ளாமை பார்ப்பவன் வேறு என்ன செய்வான் என்று பேசாமல் இருந்திருப்பேன்.

ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் மேஸ்திரியிடம் வந்தார்கள். "சர்க்கார் ஆளு நீங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அந்தப் புள்ள கேக்குமுங்க."

மேஸ்திரி கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "பெரிய தோட்டத்துல கேட்டுப் பாத்தீங்களா?"

"அவருகிட்டப் போயி எப்படிங்க..."

"ஏன், குடுக்க மாட்டாரா?"

"சேச்சே! தங்கமான மனுசருங்க. நெம்பத் தாராளமுங்க. அதுக்காவ அவரப் போயிக் கேக்க முடியுங்களா?"

மேஸ்திரி தலை நிமிரவில்லை. "உளி எறக்கறதுக்கு முன்னால ரெண்டு பேரையும் கேட்டேன். அவரு ஊருக்குன்னாரு. இந்தம்மா எனக்குன்னுச்சு. எங் காதுல வுழுந்தது அவ்ளோதான்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. யார் முதலில் போய்க் கேட்பது?

பாவாயிதான் போனாள். மண்வெட்டியை வரப்பில் சாய்த்தாள், மடைத் தண்ணீரில் காலைக் கழுவினாள், தோட்டத்துக் குடிசைக்குள் போய்த் தன் பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி நடந்தாள். தன் கிணற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு இவள் எங்கே போகிறாள் என்று புரியாமல் பெண்கள் பின்னாலேயே போனார்கள். நாங்களும் போனோம்.

பெரிய தோட்டத்தில் மாடுகள் முன்னும் பின்னுமாக நடந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அவர் தென்னை நிழலில் இருந்தார். கணவனின் அண்ணன் எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. பாவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரும்பி நின்று, மாடுகளைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊருக்குன்னு சொன்ன தண்ணிங்களாமா. ஊரு வந்திருக்குதுங்க."

மாடுகள் பாட்டுக்கு நடந்தன. அவர் கூட்டத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், மீசையைத் தடவினார். எழுந்தபோது முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க! இதுக்குப் போயிக் கேக்கோணுமா?"

குடங்கள் முட்டிக்கொண்டன. பாவாயி தன் குடத்தை நிரப்பிக்கொண்டு, தள்ளி நின்ற பெண்களிடம் போய் அவர்கள் பானைகளில் ஊற்றினாள். மறுபடியும் நிரப்பினாள், மறுபடியும் ஊற்றினாள். கடைசியில் வெறுங்குடத்தோடு தன் பாத்திக்குத் திரும்பினாள்.

அந்த வருஷ மாரியம்மன் நோம்பியில் பெரிய தோட்டத்துக்காரருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்களாம். தர்மப் பிரபு என்றார்களாம். அவர் கொடுத்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பாவாயிக்கும் ஒரு பெயர் கிடைத்தது. கல்நெஞ்சுக்காரி.

ஊரை விட்டுக் கிளம்பிய சாயங்காலம், வண்டியில் கம்பிகளின் மேல் படுத்துக்கொண்டு நான் மேஸ்திரியிடம் கேட்டேன். எதற்காகத்தான் அந்தக் கேள்வி? யார் கொடுப்பார், யார் கொடுக்கமாட்டார் என்று சோதித்துப் பார்க்கவா?

"அதுக்கு நான் யாரு?" என்றார். வண்டி ஆடியது. அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவங்க வாயால சொல்றத அவங்களே ஒரு தடவ கேட்டுக்கட்டுமேன்னுதான்."

சில வருஷங்கள் போயின. ஆறுமுகம் மேஸ்திரி ஓய்வு பெற்று, நான் மேஸ்திரியாகிவிட்டேன். ஒரு கோடையில் அந்த ஊர் வழியாகக் கரி பஸ்ஸில் போனேன். சண்டை முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு தீராமல் அடுப்புக்கரியில் ஓடிய பஸ். மூச்சு வாங்கி அந்த ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. டிரைவர் நெருப்பைக் கிளற ஆரம்பித்தார். நாங்கள் இறங்கினோம்.

ரோட்டோரம் அந்தப் புளிய மரம். அடியில் மணல் பரப்பி இரண்டு பானைகள், மேலே கொட்டாங்கச்சி அகப்பை. யார் வேண்டுமானாலும் மொண்டு குடித்தார்கள். தள்ளி நிற்பவர்கள் யாரையும் காணோம். நானும் மொண்டு வாயில் ஊற்றினேன். இரும்பு வாடை. கிணற்றடியும் தட்டானும் வட்ட வானமும் ஒரு மடக்கில் திரும்பி வந்துவிட்டன.

"நல்ல தருமமுங்க" என்றார் பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த ஒருவர். "இந்த ஊருப் பெரிய தோட்டத்துக்காரரு வெச்சதாமா."

மரத்துக்கு அப்பால் பாறைக்களம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் பாறையே சிவந்து மிதப்பதைப் போல் இருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு குடத்தைச் சுமந்துகொண்டு பாவாயி வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. பானைகளை நிரப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போர் செட்டுக்காரருங்களா? நல்லா இருக்கறீங்களா சாமி? மேஸ்திரி சொகமா இருக்கறாருங்களா?"

சுகம் என்றேன். மனசு கேட்கவில்லை. "அம்மணி, இந்தத் தண்ணி உங்க பெரிய தோட்டத்துக்காரர் தருமம்னு பேசிக்கறாங்களே. எனக்குக் கேக்கவே வேதனையா இருக்குது."

அவள் சிரித்தாள். வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு களத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது கெடக்குதுங்க சாமி. அந்த மொளகா யாருதுன்னு கேட்டுப் பாருங்க."

பஸ் மூச்சு விட்டுக் கிளம்பத் தயாராயிற்று. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து மனிதரிடம், களத்தைக் காட்டி, அது யாருடைய மிளகாய் என்று கேட்டேன்.

"அதுங்களா? அது பாவாயி மொளகாயுங்க" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பதைப் போல.